மந்திரப் பெயர்: அம்மனிடம் எடுப்பதா, வேலியில் பறிப்பதா, ஆச்சியிடம் கேட்பதா?

விக்கா என்ற மேல்நாட்டுச் சூனியக்காரி மரபைப் பழகுகிறவர்களும், அப்படி எந்தப் பெயரும் சொல்லாமல் நிலா, மூலிகை, விளக்கு என்று தன்பாட்டில் ஏதோ செய்துவருகிறவர்களும் என்னிடம் கேட்கிற கேள்விகளில் பாதி மந்திரப் பெயரை, அதாவது சடங்குக்கென்று தனியாக எடுக்கும் பெயரைப் பற்றியதுதான். காளி என்று வைக்கலாமா? லத்தீனில் ஒன்று பிடித்திருக்கிறது, சரிவருமா? எண் பொருந்தவில்லை, ஒரு எழுத்தைக் கூட்டவா? கோண்டாவிலில் இருந்து கேட்கிற பிள்ளைக்கும் பருத்தித்துறையில் இருந்து கேட்கிற பிள்ளைக்கும் வழிகாட்டி ஒன்றுதான்: இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்ட புத்தகங்கள். அவை பிழையென்று சொல்லவில்லை. ஆனால் அவை தனி அறையும் அதற்கொரு பூட்டும் உள்ள ஒருத்தியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இங்கே பல வீடுகளில் சாமி அறைக்கும் குசினிக்கும் நடுவில் இருப்பது ஒரு திரைச்சீலை.

மந்திரப் பெயர் கட்டாயமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதிவுப் பெயரோடே காலம் முழுக்கச் செய்துவருகிறவர்கள் இருக்கிறார்கள். சில மரபுகளில் சேரும்போதே பெயர் எடுக்க வேண்டும், சிலவற்றில் இரண்டாம் படிக்கு வந்த பிறகுதான். தனியாகச் செய்கிறவருக்கு அவசரமே இல்லை. அடையாள அட்டையில் எதையும் மாற்றவும் தேவையில்லை.

எதை வைத்து அளப்பது

நான் ஐந்து விஷயம் பார்ப்பேன்.

முதலாவது, யார் காதில் விழும். இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு தோழியைக் குழுவில் பேச்சி என்று கூப்பிடுவார்கள். ஒருநாள் ரெலிபோனை மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனாள். திரையில் வந்து விழுந்தது: "பேச்சி, வெள்ளிக்கிழமை எலுமிச்சங்காய் கொண்டு வா." பக்கத்தில் இருந்தது அப்பம்மா. மந்திரம், சூனியம் என்ற சொல் ஒன்றுகூட அதில் இல்லை. ஆனாலும் அடுத்த கிழமையே பரிகாரியிடம் நூல் கட்டக் கூட்டிப் போனார்கள்.

இதற்குப் பின்னால் இன்னொரு பயமும் இருக்கிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்த யாழ்ப்பாணத்தில் இளம் பிள்ளைக்கு இரண்டாவது பெயர் இருக்கிறது என்றால் அது இயக்கப் பெயர். சுவரொட்டியில் பார்த்துத்தான் பெற்ற தாய் அதை அறிந்த வீடுகள் உண்டு. அந்தக் காலத்தைக் கடந்த ஒருவருக்கு, மகள் வேறு பெயரில் யாரோடோ கதைக்கிறாள் என்பது பொழுதுபோக்காகத் தெரியாது. இதை எந்த வெளிநாட்டுப் புத்தகமும் சொல்லப்போவதில்லை.

இரண்டாவது, வாயில் நிற்குமா. விளக்கின் முன் நின்று "நான் இன்னார்" என்று சொல்லும்போது நாக்கு இடறக்கூடாது. மூன்றாவது, பெயரோடு என்ன கடமை வருகிறது. நான்காவது, அந்தப் பெயருக்கு ஏற்கெனவே வேறு சொந்தக்காரர் இருக்கிறாரா. ஐந்தாவது, வேண்டாம் என்றால் கழற்ற முடியுமா.

அம்மன் பெயர்

கேட்கிறவர்களில் அதிகம் பேர் முதலில் தொடுவது இதைத்தான். காளி, துர்க்கை, பேச்சி, கண்ணகை. வெளிநாட்டுப் புத்தகங்கள் இந்த இடத்தில் "தெய்வத்தின் பெயரைச் சூடுவது ஆணவம்" என்று எச்சரிக்கும். நம் ஊர்ப் பள்ளிக்கூட இடாப்பில் பாதிப் பெயர் தெய்வத்தின் பெயர்தான். புவனேஸ்வரிகளும் காமாட்சிகளும் சங்கக் கடையில் வரிசையில் நிற்கிறார்கள். ஆகவே அந்த எச்சரிக்கையை நாம் தூக்கிப் பிடிக்கத் தேவையில்லை.

பார்க்க வேண்டியது வேறு. இங்கே அம்மன்களுக்குள்ளேயே ஏற்ற இறக்கம் உண்டு. ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டில் கண்ணகை வழிபாட்டையும் கோயில் பலியையும் கடுமையாகக் கண்டித்தார். பிறகு வந்த காலத்தில் ஊர்த் தெய்வங்கள் பல ஆகமத்துக்குள் வந்தன. கண்ணகை அம்மன்கள் ராஜராஜேஸ்வரியாகவும் புவனேஸ்வரியாகவும் மாறினார்கள். வண்ணார்பண்ணையில் நாச்சிமார் கோவிலடி என்று சொல்லித்தான் இறங்குவோம். உள்ளே இருப்பவர் காமாட்சி அம்மன். அம்மனே பெயர் மாற்றிய ஊரில் நீங்கள் எந்தப் பக்கத்துப் பெயரை எடுக்கிறீர்கள் என்பதைச் சனம் கவனிக்கும். துர்க்கா என்றால் தெல்லிப்பழைத் துர்க்கை கோயில் நினைவுக்கு வரும், எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பேச்சி, நாச்சி என்றால் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பழைய பெயர்களில்தான் மந்திரத்துக்கு வேண்டிய சூடு இருக்கிறது என்பது என் எண்ணம். ஆனால் அந்தச் சூட்டுக்கு விலை உண்டு.

மறைந்திருக்கும் செலவு கடமையில் இருக்கிறது. காளி என்று கூப்பிட்டுக்கொண்டு செவ்வாய்க்கிழமை கோழிப் புக்கை சாப்பிடுவதை உங்கள் மனமே ஒத்துக்கொள்ளாது. விரதம், துடக்கு, நேர்த்தி என்று அந்தத் தெய்வத்தைச் சுற்றி ஊர் கட்டிவைத்த ஒழுங்குகள் எல்லாம் பெயரோடு சேர்ந்து வரும். நீங்கள் நம்பாவிட்டாலும் வளர்த்த விதம் நினைவூட்டும். போதாக்குறைக்கு, அறிந்தவர் கேட்கும் முதல் கேள்வி "உனக்குக் கலை வருமோ?" என்பதாக இருக்கும். கோயிலில் உருவாடுகிறவர்கள் வருடக்கணக்காக வருத்தப்பட்டு அந்த இடத்துக்கு வந்தவர்கள். அவர்கள் முன்னால் இந்தப் பெயரைச் சொல்ல முடியுமா என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

ஏற்கெனவே ஒரு அம்மனுக்கு விளக்கு வைத்து, விரதம் பிடித்துவருகிறவருக்கு இதைவிடச் சிறந்த பெயர் கிடையாது. படம் அழகாக இருக்கிறது, கோபம் பிடித்திருக்கிறது என்பதற்காக எடுப்பவருக்கு ஆறு மாதத்தில் பாரமாகிவிடும்.

மரம், செடி, பறவை

வெளிநாட்டு விக்கா உலகில் மிகப் பரவலான வழி இது. மிரியம் சிமோஸ் என்ற அமெரிக்கப் பெண் ஸ்டார்ஹாக் என்ற பெயரில்தான் உலகம் முழுக்க அறியப்படுகிறார். ஒரு நட்சத்திரமும் ஒரு வல்லூறும். வழி நல்லது. அங்குள்ள பட்டியலை அப்படியே எடுத்தால்தான் சிக்கல். ரேவன், அதாவது மேல்நாட்டுப் பெருங்காகம், என்று பெயர் வைத்த பிள்ளையிடம் கேட்டேன், அந்தப் பறவையைக் கண்டிருக்கிறாயா என்று. இலங்கையிலேயே அது கிடையாது. நமக்கு இருப்பது காகம். சனிக்கிழமை சோறு வைத்துக் கூப்பிடுகிறோம், பிதிர்கள் வருகிறார்கள் என்று நம்புகிறோம். மந்திரப் பெயருக்கு அதைவிடப் பொருத்தமான பறவை வேறு எங்கே தேடுவது? ஆந்தை அங்கே ஞானத்தின் பறவை. இங்கே அது கத்தினால் அம்மம்மா எழும்பி வந்து துரத்துவார். தெரிந்துகொண்டு எடுத்தால் சரி.

செடிகளில் நமக்குக் குறைவே இல்லை. சித்திரை வருடப் பிறப்புக்குப் பஞ்சாங்கத்தைப் பார்த்து, தலைக்கு இந்த இலை, காலுக்கு இந்த இலை என்று வைத்து மருத்துநீர் தேய்த்து முழுகுகிற சனம் நாம். துளசி, வில்வம், அறுகு என்று அந்தக் கலத்துக்குள்ளேயே பெயர்கள் கிடக்கின்றன. வேலியோரம் போய்ப் பாருங்கள். நொச்சி நிற்கும். மூன்றோ ஐந்தோ விரலாகப் பிரிந்த இலை, மேலே பச்சை, திருப்பினால் சாம்பல் நிறம். கசக்கினால் மூக்கில் ஏறும். தடிமனுக்கு அம்மா போர்வையால் மூடி ஆவி பிடிக்க வைத்த வாசம் அது. நொச்சி என்று ஒருத்திக்குப் பெயர் இருந்தால் சொல்லவும் சுலபம், கேட்பவருக்குச் செல்லப் பெயராகத்தான் படும். எந்தச் சாமியும் வந்து கணக்குக் கேட்காது.

ஆனால் செடிக்கும் கதை உண்டு, அதைக் கேட்டுவிட்டு எடுங்கள். தாழம்பூ வாசத்துக்குப் பெயர்போனது. அடிமுடி தேடிய கதையில் பொய்ச் சாட்சி சொன்னதால் சிவபூசைக்கு ஆகாது என்று விலக்கப்பட்டது. சத்தியம் செய்யும் பெயராக அதை வைத்துக்கொள்ள நான் யோசிப்பேன். முருங்கை என்றால் வேதாளம் ஏறும், நண்பர்கள் பகிடி பண்ணியே கொல்வார்கள். கார்த்திகைப்பூ அழகான பெயர், நெருப்பு மாதிரிப் பூ, கிழங்கு கொடிய நஞ்சு, சூனியக்காரிக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அதைப் புலிகள் தேசியப் பூவாக அறிவித்திருந்தார்கள். அந்தப் பெயரை பேஸ்புக்கில் போட்டுவிட்டு "இது விக்காப் பெயர்" என்று விளக்கிக்கொண்டு நிற்க முடியாது. ஊமத்தை, எருக்கலை போன்றவற்றை எடுப்பதானால் பெயரோடு நிறுத்துங்கள். பாலும் விதையும் வாய்க்கும் கண்ணுக்கும் கிட்டப் போகக்கூடாது.

தொடக்கக்காரருக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியை. வெளிநாடு போகப்போகிறவர் மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம். நொச்சி இல்லாத நாட்டில் நொச்சியாக இருப்பது சிலருக்கு ஆறுதல், சிலருக்கு ஏக்கம்.

லத்தீனும் ஆங்கிலமும்

இதை ஒரேயடியாக "நமக்கு ஒவ்வாதது" என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1888இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டோன் என்ற மந்திரச் சங்கத்தில் உறுப்பினர் ஒவ்வொருவரும் பெரும்பாலும் லத்தீனில் ஒரு வாசகத்தைப் பெயராக எடுத்தார்கள். கடிதங்களில் முதலெழுத்துகளை மட்டும் போடுவார்கள். அங்கிருந்த ஆங்கிலேய மந்திரவாதி அலிஸ்டர் குரோலி எடுத்தது பெர்துராபோ, "கடைசிவரை நிலைப்பேன்" என்று பொருள். அதே சங்கத்து அலன் பெனட் ஆஸ்துமாவுக்காக இலங்கைக்கு வந்து, பொன்னம்பலம் இராமநாதனிடம் யோகம் படித்தார். பிறகு பர்மாவில் பிக்குவாகி ஆனந்த மெத்தேய ஆனார். இராமநாதனே விவிலியத்துக்கு உரை சொன்னபோது ஸ்ரீ பரானந்த என்ற பெயரில்தான் சொன்னார்; மருதனார்மடத்தில் கல்லூரி கட்டிய அதே இராமநாதன். 1901இல் பெனட்டைத் தேடி இலங்கைக்கு வந்து போன குரோலி, 1939இல் யோகச் சொற்பொழிவுகளை அச்சிட்டபோது போட்ட பெயர் மஹாத்மா குரு ஸ்ரீ பரமஹம்ஸ சிவாஜி. நம் ஊர்ச் சாமிமார்கூட அவ்வளவு நீளத்துக்குப் போனதில்லை.

விக்காவை உலகுக்குச் சொன்ன ஜெரால்ட் கார்ட்னரும் 1900இல் பதினாறு வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர்தான். அவருடைய மந்திரப் பெயர் ஸ்கீரே, "அறிதல்". 1949இல் நாவல் எழுதியபோது அந்தப் பெயரையே அட்டையில் போட்டார். பிரிட்டனில் மாந்திரீகச் சட்டம் நீக்கப்பட்டது 1951இல்தான்.

ஆகவே கார்ட்னர் வழியில் முறையாகச் சேர்ந்து, வெளிநாட்டுக் குழுவோடு இணையத்தில் சடங்கு செய்கிறவர் லத்தீன் பெயர் எடுப்பதில் நியாயம் இருக்கிறது. தனியாக வலிகாமத்தில் இருந்து செய்கிறவருக்கு அதன் குறை ஒன்றுதான்: அது மறைக்கவில்லை, காட்டிக்கொடுக்கிறது. வீட்டில் யாருக்கும் விளங்காத பெயர் என்றால் எல்லோருக்கும் விளங்க வேண்டும் என்று தோன்றும். மூன்லைட், ஷாடோ என்று முடிகிற ஆங்கிலப் பெயர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விளையாட்டுக் கணக்குகளுக்கு நன்றாக இருக்கும்.

குரு தரும் பெயர்

நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமியின் காலடியில் இருந்த சதாசிவன்தான் யோகர் சுவாமி ஆனார். அந்தச் செல்லப்பாவை ஊர் விசரன் என்றுதான் சொன்னது. கடைத்தெருவில் திரிந்ததால் கடையிற் சுவாமி ஆனவரும் இங்கேதான். யோகர் சுவாமியிடம் 1949இல் வந்த ரொபேர்ட் ஹான்சன் என்ற அமெரிக்கர் சுப்பிரமுனியராகத் திரும்பிப் போனார். இலங்கையின் மகாதேசாதிபதியாக இருந்த சோல்பரிப் பிரபுவின் மகன் இங்கே சந்தசுவாமியாக வாழ்ந்தார். நல்ல பெயர்கள் தேடி எடுக்கப்படுவதில்லை, வந்து சேர்கின்றன என்று சொல்பவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் சாட்சி நிறைய.

ஆகம முறையில் தீட்சைப் பெயருக்கு ஒரு வழி உண்டு. கண்ணைக் கட்டிப் பூவை எறியச் செய்வார்கள். அது விழுந்த திசைக்குரிய சிவமுகத்தை வைத்து ஈசான, அகோர, வாமதேவ என்று பெயர் தொடங்கும். ஆணுக்குச் சிவன் என்றும் பெண்ணுக்குச் சக்தி என்றும் முடியும். எண்ணும் இல்லை, விருப்பமும் இல்லை. எனக்கு இது மிகவும் பிடித்த முறை. ஆனால் சமய தீட்சையோடு நித்திய அனுட்டானம் வரும், உணவுக் கட்டுப்பாடு வரும், குருவின் சொல் வரும். சூனியக்காரியாகப் பழகப் போகிறேன் என்பதை மறைத்து, பெயருக்காக மட்டும் தீட்சை கேட்பது குருவை ஏமாற்றுவது. சொல்லிவிட்டுக் கேளுங்கள்; தந்தால் வாங்குங்கள்.

இன்னொன்று. இணையத்தில் "உன் ஆன்மப் பெயர் எனக்குத் தெரிகிறது" என்று காசு கேட்பவர்களும், பெயர் தரத் தனியே வா என்று பிள்ளைகளைக் கூப்பிடுபவர்களும் குருக்கள் இல்லை. பெயர் வேண்டாம் என்று அந்த இலக்கத்தைத் தடைசெய்துவிடுங்கள்.

எண் கணக்கு

காளியை ஆங்கிலத்தில் கே, ஏ, எல், ஐ என்று எழுதி, நம் ஊர் எண் சாத்திரிமார் போடுகிற கல்தேய முறையில் கூட்டினால் 7. மேல்நாட்டு விக்காப் புத்தகங்களில் அதிகம் வரும் பித்தகோரஸ் முறையில் அதே நான்கு எழுத்து 15, அதாவது 6. நெடில் வரட்டும் என்று இன்னொரு ஏ சேர்த்தால் கல்தேயத்தில் 8, சனியின் எண், எல்லோரும் ஓடுகிற எண். அந்தக் கூட்டலில் தமிழ் எழுத்துக்கு இடமே இல்லை. இரண்டு பெயரில் எது என்று தடுமாறும்போது பூவா தலையா போடுவதற்குப் பதிலாக எண் பார்க்கலாம். எண்ணுக்காகப் பெயர் தேடினால் வாயில் நுழையாத ஒன்றில்தான் போய் முடியும். இதைவிட நட்சத்திர எழுத்து மேல். அசுவினி என்றால் சு, சே, சோ, லா. தொடக்கமாவது தமிழ் வாயில் வரும்.

ஆச்சியின் பெயர்

இதை யாரும் கேட்டு வருவதில்லை, நானாகத்தான் சொல்கிறேன். நாகம்மா, சின்னாச்சி, பொன்னுப்பிள்ளை, வள்ளிப்பிள்ளை. உங்கள் குடும்பத்திலேயே மூன்று தலைமுறைக்கு முன்னால் வாழ்ந்த ஒரு பெண்ணின் பெயர். திரையில் "நாகம்மா, வெள்ளிக்கிழமை வா" என்று விழுந்தால் பக்கத்து வளவு ஆச்சி யாரோ கூப்பிடுகிறா என்று நினைப்பார்கள். ஒளித்து வைப்பதற்கு விநோதமான பெயரைவிடச் சாதாரணப் பெயர்தான் நல்ல இடம். அதோடு, நாவூறு கழிக்கவும் செத்தல் மிளகாய் சுற்றிப் போடவும் பத்தியம் சொல்லவும் தெரிந்த கை பெரும்பாலும் அந்த ஆச்சிமாருடையதுதான். அவர்கள் பெயரை எடுக்கும்போது ஒரு கைப்பழக்கத்தையும் சேர்த்து எடுக்கிறீர்கள்.

செலவு: அந்தப் பெண்ணைப் பற்றி விசாரித்தால் நீங்கள் அறிய விரும்பாத ஏதாவது வரலாம். கிணற்றில் விழுந்தவர், காணிச் சண்டையில் தம்பியோடு கதைக்காமலே செத்தவர். உயிரோடு இருப்பவரின் பெயரை எடுக்க வேண்டாம். திவசம் கொடுக்கும் வீட்டில், அந்த நாளில் ஒரு பிடி சோறாவது நீங்களும் வைக்க வேண்டிவரும். இடம்பெயர்வில் குடும்பக் கதைகளே தொலைந்துபோன வீடுகளுக்கு இந்த வழி திறக்காமலும் போகலாம்.

| வழி | வீட்டில் ஒளியுமா | கடமை | கழற்றுவது | யாருக்கு |
|---|---|---|---|---|
| அம்மன் | துர்க்கா ஒளியும், பேச்சி ஒளியாது | அதிகம் | கடினம், பரிகாரம் தேடுவீர்கள் | ஏற்கெனவே விரதம் பிடிப்பவர் |
| செடி, பறவை | பெரும்பாலும் | மிகக் குறைவு | சுலபம் | தொடக்கக்காரர் |
| லத்தீன், ஆங்கிலம் | ஒளியாது | மரபைப் பொறுத்தது | சுலபம் | வெளிநாட்டுக் குழுவில் இருப்பவர் |
| குரு | மறைக்கவே தேவையில்லை | மிக அதிகம் | உங்கள் கையில் இல்லை | சொல்லிவிட்டுக் கேட்கத் துணிந்தவர் |
| எண் | எழுத்தைப் பொறுத்தது | இல்லை | சுலபம் | இரண்டில் ஒன்று தேர்பவர் |
| ஆச்சி | மிக நன்றாக | நடுத்தரம் | நடுத்தரம் | கூட்டு வீட்டில் இருப்பவர் |

இரண்டு பெயர் வைத்துக்கொள்ளவும் தடையில்லை. பல குழுக்களில் வெளிப்பெயர் ஒன்று, சடங்குக்குள் மட்டும் ஒன்று என்ற வழக்கம் இருக்கிறது. இங்கே எனக்குச் சரியாகப் படுவது, குழுவுக்கு ஆச்சியின் பெயர், உள்ளே ஒரு செடியோ அம்மனோ. உள்பெயரை ரெலிபோனில் ஏற்றவே வேண்டாம்.

முடிவெடுக்கும் முன்

மூன்று பௌர்ணமி பரீட்சித்துப் பாருங்கள். பௌர்ணமிக்கு அரசாங்கமே லீவு தருகிற நாடு இது. லீவு என்பதால் வீட்டில் எல்லோரும் இருப்பார்கள் என்பதும் உண்மை, ஆகவே கிணற்றடியோ மொட்டை மாடியோ பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். மூன்றாம் முறையும் கூச்சம் போகவில்லை என்றால் அது உங்களுடையது இல்லை, அடுத்ததைப் பாருங்கள். விட்ட பெயரைத் தாளில் எழுதியிருந்தால் எரித்துவிடலாம். ஓலையில் கீறியிருந்தால் கடலில் விடலாம். வெள்ளித் தகட்டில் பொறித்திருந்தால் கஸ்தூரியார் வீதிப் பத்தர் ஒருவரிடம் கொடுத்து உருக்குவதுதான் வழி. அவர் உருக்குமுன் வாசித்துப் பார்ப்பார், அதனால் முதல் வருடம் வெள்ளிப் பக்கம் போக வேண்டாம்.